முந்நூற்று நான்கு சுவர்களில் ஓர் அருவி

1990ஆம் வருஷம் பொங்கலுக்குள் ஏணிப்பாறை அருவி முந்நூற்று நான்கு பங்காகப் பிரிந்து, திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் முந்நூற்று நான்கு சுவர்களில் ஆணியடித்து மாட்டப்பட்டுவிட்டது. அந்த வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை என்ன விலை போனது என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் நாலு பேர் நாலு விலை சொல்வார்கள். இந்த எண்ணிக்கையில் மட்டும் யாருக்கும் தகராறு கிடையாது. முந்நூறு காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தால், வழியில் கிழிந்தால் கிழியட்டும் என்று நாலு சேர்த்துக் கட்டி அனுப்புவது காலண்டர் அடித்துக் கொடுத்த அச்சகத்தின் பழக்கம்.

அருவி என்றதும் யாரும் குற்றாலத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் அருகம்பாடியிலிருந்து காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் நடந்தால், படிப்படியாக வெட்டு விழுந்த ஒரு பாறை வரும். அதன் மேல் பதினான்கு அடி உயரத்திலிருந்து, ஒரு வேட்டியை விரித்த அகலத்துக்குத் தண்ணீர் இறங்கும். அவ்வளவுதான் அருவி. போர்டு கிடையாது, டிக்கெட் கிடையாது. குளிக்கப் போனால் ஒருவர் மாற்றி ஒருவர்தான் நிற்க முடியும். ஆனால் சித்திரை வெயிலிலும் அது நின்றதாக யாரும் சொன்னதில்லை. அருகம்பாடியின் சின்ன ஏரியும், அதன் கீழே அறுபது காணி நிலமும், ஊர்க் கிணறுகள் பதினொன்றும் அந்த வேட்டியகலத் தண்ணீரை நம்பித்தான் இருந்தன.

சின்னக்கடைத் தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த வீரேந்திரன் அந்த ஊர் மாப்பிள்ளை. மனைவி ஜெயமதி, அருகம்பாடி சக்கரவர்த்தி நயினாரின் மகள். பெண் கொடுத்த வீடும் எடுத்த வீடும், நயினார் என்று பட்டம் போட்டுக்கொள்ளும் தமிழ் ஜைனக் குடும்பங்கள். எத்தனை தலைமுறையாக அங்கே ஏர் பிடிக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. 1989 தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போன இடத்தில், ஜெயமதிதான் அவரை அருவிக்குக் கூட்டிப்போனாள். புது மாவட்டம் பிறந்த வருஷம் அது. ஊரில் கடை வைத்திருந்தவர்களெல்லாம் மாவட்டத் தலைநகர் என்று பெயருக்குக் கீழே போட்டுக் காலண்டர் அடிக்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள். “எல்லாரும் சாமி படம்தாங்க போடுவாங்க. நீங்க இத எடுங்க. எங்க ஊர் அருவி நம்ம காலண்டர்ல வரட்டும்” என்றாள். அவர் யாஷிகா கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, மரங்களுக்கு நடுவே வெயில் இறங்குகிறவரைக்கும் இரண்டு மணி நேரம் காத்திருந்து, பன்னிரண்டு படம் எடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, கடைசிப் படம் நன்றாகத்தான் வந்தது. தண்ணீர் பாலாடைபோல இறங்கியது.

தப்பு நடந்தது காட்டில் இல்லை, டார்க் ரூமில். திருவண்ணாமலைத் தண்ணீர் உப்பு. பிலிமைக் கழுவினால் வெள்ளைப் புள்ளி விழும். அதனால் வீரேந்திரன் அருவித் தண்ணீரையே ஒரு கேனில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். ஜைன வீட்டில் தண்ணீரை அப்படியே எடுத்துப் புழங்க மாட்டார்கள். மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டுவார்கள். துணியில் தங்கும் கண்ணுக்குத் தெரிந்த, தெரியாத உயிர்களை, எந்தக் கிணற்றில் மொண்டார்களோ அந்தக் கிணற்றிலேயே திரும்ப விடுவார்கள். பிறந்த இடத்தை விட்டு வேறு தண்ணீரில் விட்டால் அது செத்துப்போகும், பாவம் நம்மைச் சேரும் என்பது கணக்கு. வீரேந்திரனும் முறைப்படி வடிகட்டினார். வடிகட்டிய பிறகு, துணியை உதற ஐம்பது கிலோமீட்டர் பஸ் ஏறி அருவிக்குப் போகவா முடியும் என்று சோம்பல்பட்டு, நெகட்டிவ் ஊறிக்கொண்டிருந்த ட்ரேயிலேயே உதறிவிட்டார். உலகத்தில் எத்தனையோ போட்டோகிராபர்கள் எத்தனையோ தப்பு செய்திருப்பார்கள். இந்தத் தப்பைச் செய்ய ஒரு நயினாரால்தான் முடியும்.

செலவைக் கம்மி பண்ண நீல மை ஒன்றிலேயே அடித்த காலண்டர்கள் மார்கழியில் வந்து இறங்கின. நெகட்டிவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதில் வெறும் பாறை மட்டும் இருந்தது. வீரேந்திரன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மாறிப்போயிருக்கும் என்று விட்டுவிட்டார். காலண்டர்களை வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு காலண்டர் சுவரேறும்போதும் அங்கே காட்டில் ஒரு நூல் கனத்துக்குத் தண்ணீர் குறைந்தது. பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டப் போனவர்கள் ஓடையில் ஈர மணலைத்தான் பார்த்தார்கள். மேலே ஏறிப் போய்ப் பார்த்தால் ஏணிப்பாறை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. பால் பிடிக்கும் பருவத்தில் இருந்த நெல் பதினைந்து நாளில் வைக்கோலாகிவிட்டது.

ஜெயமதியின் அண்ணன் அப்பாண்டைராஜன் கோபக்காரர், ஆனால் முட்டாள் இல்லை. ஊரே மழை பொய்த்ததென்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவர் தீபாவளிக்கு எடுத்த படத்தை நினைத்துக்கொண்டு, தை மாதக் கடைசியில் பஸ் ஏறித் தங்கை வீட்டுக்கு வந்தார். வந்தவர் கூடத்துச் சுவரில் காலண்டரைப் பார்த்தார். படத்தில் அருவி விழுந்துகொண்டிருந்தது. காலண்டர் அட்டையின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி, கீழே வைத்திருந்த அண்டாவில் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. வீட்டுக்காரர்கள் சுவரில் ஏறிய ஓதம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். அவர் காபியைத் தொடவில்லை.

“யாரு இத எடுக்கச் சொன்னது?”

“நான்தாண்ணா.”

“அப்பா களத்துல வந்து நின்னுட்டு, பேசாம வீட்டுக்குப் போறாரு. மனுஷன் வாயத் தொறந்து பதினஞ்சு நாள் ஆவுது. நீ இங்க அண்டா வெச்சி புடிச்சிக்கினு இருக்கியா? அந்தத் தண்ணிய கொண்டாந்து உடு. ஒரு சொட்டு பாக்கி இல்லாம கொண்டாந்து உடு. அப்புறம் நம்ம வீட்டுப் படிய மிதி.”

சொல்லிவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். போளூர் தாண்டுவதற்குள் சொன்னதற்கு வருத்தப்பட்டார் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது. ஜெயமதியும் அவருக்குத் தங்கைதானே, அதே பிடிவாதம்தான். அன்று பூராவும் அழுதாள். மறுநாள் காலையில் அழுகையை நிறுத்திவிட்டு அண்டாத் தண்ணீரைப் பழக்கத்தில் வடிகட்டினாள். துணியில் நகத்தளவுக்கு ஒரு மீன் துடித்தது. மேல் முதுகில் இரண்டு கறுப்புக் கோடு. ஏணிப்பாறைக் குட்டையில் சின்ன வயதில் கைக்குட்டையால் அவள் பிடித்து விளையாடிய அதே சாதி மீன்.

“என்னங்க, அன்னிக்கு வடிதுணிய எங்க உதறுனீங்க?” என்றாள்.

வீரேந்திரன் யோசித்துச் சொன்னார். அந்த உயிர்களைத் தேடித்தான் அருவி காலண்டருக்குள் வந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு ஈரத்துணியை நாலாக மடித்து ஒரு பித்தளைச் செம்பில் போட்டு மூடி, அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். அருகம்பாடிக்குள் அண்ணன் வீட்டு வழியாகத்தான் காட்டுக்குப் பாதை. தலையைக் குனிந்துகொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். ஏணிப்பாறை உச்சியில் துணியை உதறினாள். மீன் பாறை இடுக்கில் விழுந்து இரண்டு முறை துள்ளியது. அதைத் தேடிக்கொண்டு வந்ததுபோல, ஒரு நூல் கனத்துக்குத் தண்ணீர் ஊறி வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது காலண்டரில் அருவி இல்லை; நீல மையில் காய்ந்த பாறையும் ஸ்டுடியோ பெயரும் மட்டும் இருந்தன. ஆக, ஒன்று ஆயிற்று. முந்நூற்று மூன்று பாக்கி.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொல்கிறவர்கள் யாரும் அம்மியை நகர்த்திப் பார்த்தவர்கள் இல்லை. ஜெயமதி நகர்த்தினாள். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர், கூரை ஒழுகுகிறதென்று இரண்டு தரம் ஓடு மாற்றியிருந்தார். விஷயம் தெரிந்ததும் காலண்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுத்தார். மற்றவர்கள் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. இலவசமாகத் தண்ணீர் தரும் சுவரை யார் விடுவார்கள்? அதற்காக அவள் ஒரு வழி செய்தாள். காலண்டர் கொடுக்கிற வீட்டுக்கு வீரேந்திரன் ஒரு குடும்பப் படம் இலவசமாக எடுத்து, சட்டம் போட்டுத் தர வேண்டும். “என்னத் தெருவுல நிறுத்திடுவ போல” என்று அவர் முணுமுணுத்தார். “உதறுனது யாரு?” என்று அவள் கேட்டாள். அவர் கேமராவை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். இன்றைக்கும் திருவண்ணாமலையில் முந்நூறு வீட்டில், எல்லோரும் விறைப்பாக நின்று முழிக்கிற ஒரே மாதிரிக் குடும்பப் படம் தொங்குவதற்கு இதுதான் காரணம்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, சுவரில் விழும் அருவியைப் பார்த்தபடி நாலு வருஷமாக மௌனத்தில் இருந்தாள். ஜெயமதி அவள் மௌனம் கலைகிறவரைக்கும் வாரம் ஒரு நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். பதினாறாவது வாரம் அந்தம்மா தானே எழுந்து கழற்றிக் கொடுத்தாள். ஓர் அலுவலகத்தில் காலண்டர் அரசு உடைமை ஆகிவிட்டதால் மனு போடச் சொன்னார்கள். போட்டாள். மனு நனைந்து எழுத்தழிந்துபோனது. மறுபடி போட்டாள். பதினோராவது மனுவை ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தபோது கிடைத்தது. இவை எல்லாவற்றையும்விடக் கஷ்டம் சாமி படங்கள்தான். வருஷம் முடிந்ததும் காலண்டர் அட்டையைத் தூக்கிப்போட மனசு வராமல், அதன் மேலேயே அண்ணாமலையார் படத்தை ஒட்டிப் பூஜையில் வைத்த வீடுகள் நாற்பத்திரண்டு. சாமியின் காலடியிலிருந்து தண்ணீர் வந்தால் அதை எடுத்துக் கொடு என்று யாரைக் கேட்பது? ஈரத்தில் ஒட்டு விட்டுப் படம் தானாக உரிகிறவரைக்கும் காத்திருந்தாள். சில வீட்டில் ஒரு வருஷம், சில வீட்டில் ஐந்து வருஷம்.

வாங்கி வந்த ஒவ்வொரு காலண்டரின் தண்ணீரையும் வடிகட்டி, மாசத்துக்கு ஒரு தரம், சேர்ந்த துணிகளைச் செம்பில் போட்டுக்கொண்டு ஏணிப்பாறைக்குப் போய்வந்தாள். நூலாக இருந்தது கயிறாயிற்று, கயிறு கையகலமாயிற்று. அண்ணன் வீட்டைத் தாண்டும்போது ஒரு தரம் வாசலில் அவருடைய மகள் சுருதி தவழ்ந்தாள். இன்னொரு தரம் ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு, “அத்தை, அத்தை” என்று கூப்பிட்டாள். ஜெயமதி தெருவில் நின்றே அவளுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்துவிட்டு நடந்தாள். ஏரியில் முழங்கால் தண்ணீர் வந்த வருஷம் அப்பாண்டைராஜன் குறுக்கே வந்து நின்று, “போதும் பாப்பா. எதோ கோவத்துல சொல்லிட்டேன். வா உள்ள” என்று கெஞ்சினார். “ஒரு சொட்டு பாக்கி இல்லாமன்னு சொன்னியே. இன்னும் நூத்தி எண்பது இருக்குதுண்ணா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

1996இல் சக்கரவர்த்தி நயினார் இறந்துபோனார். ஜெயமதி வந்தாள், படியேறவில்லை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் வெயிலில், எதிர்ச்சுவர் ஓரமாக நின்றாள். சொந்தக்காரர்கள் வைதார்கள், கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் அசையவில்லை. பெற்ற அப்பாவின் முகத்தைத் தெருவிலிருந்து பார்த்துக் கதறிய பெண்ணை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. திமிர் என்றார்கள் சிலர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான்: எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, தலை நிமிர்ந்து பிறந்த வீட்டுக்குள் போக வேண்டும். அப்பா இருக்கும்போதே போக முடியவில்லையே என்று அதற்குப் பிறகு ஆறு மாசம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் காலண்டர் தேடுவதை ஒரு வாரம்கூட நிறுத்தவில்லை.

2003 தை மாதம் முந்நூற்று மூன்றாவது துணியை உதறியபோது, அருவி பழையபடி வேட்டியகலத்துக்கு இறங்கியது. பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் தினமும் காலை ஐந்தரை மணிக்கு, யாரோ குழாயைத் திருகியதுபோல அது நின்றது. கால் மணி நேரம் கழித்து மறுபடி விழுந்தது. ஊர்க்காரர்கள் அருவி மூச்சு விடுகிறது என்றார்கள். ஜெயமதிக்குத்தான் தெரியும்: எங்கேயோ ஒரு சுவரில், யாரோ குடம் பிடிக்கிறார்கள்.

அந்தக் கடைசிக் காலண்டர் அச்சகம் சும்மா கொடுத்த நாலில் ஒன்று. மூன்றை யாருக்குக் கொடுத்தோம் என்று வீரேந்திரனுக்கு நினைவிருந்தது. நாலாவது தலைகீழாக நின்றாலும் நினைவுக்கு வரவில்லை. ஜெயமதி அருகம்பாடிப் பிள்ளைகளிடம் அருவி எந்த நாளில் எவ்வளவு நேரம் நிற்கிறதென்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் நின்றது. தெருவுக்கே கூழ் காய்ச்சுகிறார்கள் என்று அர்த்தம். ஆடி மூன்றாம் வெள்ளியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஊர்கள் எவையெவை என்று பஸ் கண்டக்டர்களைப் பிடித்துக் கேட்டாள். ஏழு ஊர் சொன்னார்கள். நாலு ஊரில் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே மூன்று மைல் தள்ளி இருந்த ஐந்தாவது ஊரில், கடைசித் தெருவில், மணியம்மாளைக் கண்டுபிடித்தாள்.

மணியம்மாள் தனிக்கட்டை. மல்லாட்டை உடைக்கக் கூலிக்குப் போகிறவள். 1990 பொங்கலுக்கு முன்னால் விதவைப் பென்ஷனுக்குப் படம் எடுக்க ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறாள். போகும்போது, இந்தாம்மா என்று வீரேந்திரன் ஒரு காலண்டரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் அது தொங்கியது, கீழே ஒரு பிளாஸ்டிக் குடம். ஜெயமதி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். மணியம்மாள் மல்லாட்டையை உடைத்துக்கொண்டே கேட்டாள்.

“எங்க தெருவுல நானூறு அடி போர் போட்டானுங்க, புழுதிதான் வந்துச்சி. இது சுவத்துல ஊறுதேன்னு நானும் யாருக்கும் சொல்லல. சொன்னா சாமி வந்துட்டுதுன்னு உண்டியல் வெச்சிடுவானுங்க” என்றாள். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, காலண்டரைக் கழற்றி நீட்டினாள். “உன்னுதுன்னா எடுத்துக்கினு போ தாயி. அடுத்தவங்க பொருளு எனக்கு எதுக்கு?”

ஜெயமதி வாங்கிக்கொண்டாள். பதிமூன்று வருஷம். மணியம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கினாள்.

“எங்கம்மா போறீங்க?”

“தண்ணிக்கு. ஏரிக்கு அந்தாண்ட ஒரு மோட்டார் கொட்டாய் இருக்குது. ரெண்டு மைலு. இப்பப் போனாதான் இருட்டறதுக்குள்ள வரலாம்.”

சொன்னதில் குத்தல் ஒன்றும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்துபோனாள். ஜெயமதி காலண்டரைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, மூன்று மைல் நடந்து மெயின் ரோட்டுக்கு வந்தாள். புடவை நனைந்து வயிற்றோடு ஒட்டியது. பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தாள். கண்டக்டர் ரைட் கொடுக்கக் கையை ஓங்கினான். அவள் காலை எடுத்துக் கீழே வைத்தாள். “ஏறும்மா, ஏறு, டைம் ஆவுது” என்று அவன் கத்தினான். “நீ போப்பா” என்றாள். திரும்ப மூன்று மைல் நடந்து, தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்த அந்த வீட்டுக்குள் போய், காலண்டரை அதே ஆணியில் மாட்டி, அடியில் ஒரு தவலையை நகர்த்தி வைத்தாள். வெளியே வந்தபோது மணியம்மாள் குடத்தோடு எதிரே வந்தாள்.

“இன்னாம்மா, திரும்பி வந்துட்ட?”

“மாட்டிட்டேன்.”

“ஏன்?”

“தெரியலம்மா” என்றாள் ஜெயமதி. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி வீரேந்திரனிடம் சொன்னபோதும் அதைத்தான் சொன்னாள். பதிமூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர், “பரவால்ல ஜெயா” என்று அவள் தலையைத் தொட்டார்.

மறுநாள் சாயங்காலம் அருகம்பாடிக்குப் போனாள். செம்பு எடுத்துப் போகவில்லை. அண்ணன் வீட்டுக்கு எதிரே வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, அவரை வெளியே கூப்பிட்டாள்.

“முந்நூத்தி மூணு கொண்டாந்துட்டேண்ணா. ஒண்ணு கம்மி. அத கொண்டார மாட்டேன். கையில எடுத்தேன், மறுபடியும் மாட்டிட்டு வந்துட்டேன். அந்தம்மாவுக்கு வேற தண்ணி இல்ல. அதனால இனிமே இந்த வீட்டுப் படிய நான் மிதிக்கப் போறதில்ல. அத சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்.”

அப்பாண்டைராஜன் ஒரு படி கீழே இறங்கினார். தலை நரைத்துப்போயிருந்தது. மனைவியும் சுருதியும் அவர் பின்னால் வந்து நின்றார்கள்.

“எத்தினி குடம் புடிக்கிறாங்க?” என்று கேட்டார்.

“ரெண்டு. கூழ் ஊத்துற அன்னிக்கு மட்டும் ஜாஸ்தி.”

“ரெண்டு குடம்.”

“ஒரு சொட்டு பாக்கி இல்லாமன்னு நீதான சொன்ன?”

“நான்தான் சொன்னேன். மடையன், நான்தான் சொன்னேன்.” நெற்றியில் அடித்துக்கொண்டார். “அது பாக்கி இல்ல பாப்பா. அருகம்பாடி அந்தம்மாவுக்குக் குடுக்கிறது. ஊர்ல நான் சொல்லிக்கிறேன். எவனாவது கேட்டா என்ன வந்து கேக்கச் சொல்லு. மேற்கால பாரு, பொழுது இறங்கிப்போச்சு. உன் அண்ணி இலை போட்டுட்டா. உள்ள வா.”

விளக்கு வைத்த பிறகு அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. பொழுது இருக்கும்போதே கை கழுவிவிட வேண்டும். யோசித்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை. ஜெயமதி மேற்கே பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், செருப்பை விட்டுவிட்டுப் படியேறினாள். கத்திரிக்காய்க் குழம்பும் மோரும் இருந்தன. மூன்று தரம் சோறு வாங்கிக்கொண்டாள் என்று சுருதி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அதற்குப் பிறகு அருகம்பாடியில் காலை ஐந்தரை மணிக்கு ‘மணியம்மா நேரம்’ என்று பெயர். அந்தக் கால் மணி நேரம் அருவிக்குக் குளிக்கப் போனவர்கள் சோப்பும் நுரையுமாகப் பேசாமல் நின்றுகொண்டிருப்பார்கள். வெளியூரிலிருந்து டிஜிட்டல் கேமராவோடு வருகிறவர்கள், ஏன் நின்றுவிட்டது என்று கேட்டால், “குடம் ரொம்பட்டும், வரும்” என்பார்கள். டிஜிட்டலுக்குக் கழுவத் தண்ணீர் வேண்டாம் என்பதால் படம் எடுக்க அருவிக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. வீரேந்திரனும் ஒன்று வாங்கி, போய் எடுத்துப் பார்த்தார். சுமாராக வந்தது. அருவி நிற்கும் நேரம் கொஞ்சம் நீண்டால், இன்றைக்கு மணியம்மா துணி துவைக்கிறாள் என்றும், இரண்டு தரம் நின்றால், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றும், வயலில் இருப்பவர்கள் ஓடையைப் பார்த்தே சொல்லிக்கொண்டார்கள்.

2006 புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மணியம்மா நேரத்துக்கு அருவி நிற்கவில்லை. ஆறு மணி ஆயிற்று, ஏழு ஆயிற்று. வேட்டியகலத் தண்ணீர் ஒரு சொட்டு குறையாமல் முழுசாக விழுந்துகொண்டே இருந்தது. மணியம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அருகம்பாடிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஏரிக்கரையில் ஆளாளுக்குக் கூடி நின்றார்கள். ஏர் கட்டவில்லை, அடுப்பு மூட்டவில்லை. அப்பாண்டைராஜன் சட்டையை மாட்டிக்கொண்டு ஏழரை பஸ்ஸுக்கு ஓடினார். போகிற வழியில் திருவண்ணாமலையில் தங்கையை ஏற்றிக்கொண்டார். இங்கே யாரும் கரையை விட்டுப் போகவில்லை. பத்து மணிக்கும் தண்ணீர் விழுந்தது. பதினொன்று பத்துக்குச் சட்டென்று நின்றது. யாரோ ஒரு கிழவி, “அப்பாடா” என்று உட்கார்ந்தாள். மணியம்மாவுக்கு வெறும் காய்ச்சல்தான், ஜெயமதி கஞ்சி வைத்துக் கொடுத்தாள், குடத்தை அப்பாண்டைராஜன் பிடித்தார் என்பதெல்லாம் சாயங்காலம்தான் தெரிந்தது. ஆனால் அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. பதினொன்று பத்துக்கே, பிழைத்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டு, ஏர் கட்டப் போனார்கள்.